கட்டிலைத் திருப்பிப் போட்ட சாமி

செங்கோட்டைக்கு மேற்கே, மலை இறங்கி வந்து வயலைத் தொடுகிற இடத்தில் ஓர் ஓடை ஓடுகிறது. ஓடைக்கரையில் ஒரு பழைய மடம். அந்த மடத்தில் குத்தாலிங்க சாமி இருந்தார்.

ஊர்க்காரர்கள் அவரிடம் கேள்வி கேட்கப் போவார்கள். ஆவுடையம்மாள் மட்டும் போனதில்லை. அவளும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கணக்குப் பரீட்சையில் அவளைப் பார்த்து எழுதியே மேல்வகுப்புக்கு வந்தவர் அவர். ஒருமுறை விடைகளோடு சேர்த்து அவளுடைய பெயரையும் எழுதிவைத்து மாட்டிக்கொண்டார்.

“அவன்கிட்டப் போய் நான் என்னத்தைக் கேக்க?” என்பாள் ஆவுடையம்மாள்.

ஆனால் ஒரு தை மாதம் அவளும் போக வேண்டி வந்தது.

அவளுடைய கணவர் தளவாய், லாரி ஓட்டியவர். எலுமிச்சை ஏற்றிக்கொண்டு வடக்கே வெகுதூரம் போய்வந்தவர். லாரியை விட்டு இறங்கி, மலையடிவாரத்தில் ஓட்டு வீடும் சிறு தோப்புமாக வந்து உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் கோணியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாய் ஓரளவு நேராகியிருந்தது. “பேச்சு வந்துரும். அவர்தான் முயற்சி பண்ணணும்” என்றார் டாக்டர்.

தளவாய் முயற்சி பண்ணவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார். ஊட்டினால் விழுங்கினார். யார் வந்து கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

ஆவுடையம்மாள் போனபோது சாமி மடத்து வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

“சாமி, வணக்கம்.”

“யாரு, ஆவுடையா? என்னைப் போய் சாமிங்கியே, உடம்புக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணுமில்லை. எங்க வீட்டு அவுகளுக்குத்தான்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு முறை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“சுவத்துல என்ன இருக்கு?”

“எந்தச் சுவத்துல?”

“அவர் பாத்துக்கிட்டுக் கிடக்கிற சுவத்துல.”

“ஒண்ணுமில்லை. வெறும் சுண்ணாம்பு.”

“வா, போவோம்” என்றார் சாமி.

தளவாய் கிடந்த அறையில் ஜன்னல் ஒன்று உண்டு. கட்டிலுக்குப் பின்பக்கம் இருந்தது. அதன்மேல் பலகை அடித்திருந்தது.

“இதை அடிச்சது யாரு?”

“நான்தான். குரங்குத் தொல்லை தாங்கலை.”

“சுத்தியல் கொண்டா.”

சாமி பலகையைப் பிடுங்கினார். வெளிச்சம் தரையில் விழுந்தது. பிறகு கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “நீ அந்தப் பக்கம் பிடி” என்றார். தளவாயோடு சேர்த்துக் கட்டிலை இழுத்துத் திருப்பிப் போட்டார்கள். இப்போது தளவாய்க்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கிணறு, விறகுக்கட்டு, எலுமிச்சை மரம். அதற்கும் அப்பால் வேலி. வேலிக்குப் பின்னால் மலை.

சாமிக்கு மூச்சு வாங்கியது. ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்தார். கிளம்பினார்.

“சாமி, விபூதி?”

“கொண்டுவர மறந்துட்டேன்.”

“மந்திரம் ஏதாவது?”

“நல்ல தேக்குக் கட்டில். கனமான கனம்” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் காலத்திலேயே இவனுக்கு விடை தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டு ஆவுடையம்மாள் செம்பைக் கழுவினாள்.

மாசி பிறந்தது. அவள் மறுபடியும் மடத்துக்குப் போனாள்.

“ஒரு மாத்தமும் இல்லை.”

“சுவத்தைப் பாக்காரா?”

“சுவரு எங்க இருக்கு? அதைத்தான் நீ அங்கிட்டுத் தள்ளிட்டியே. ஜன்னலுக்கு நேரா கிடக்காரு.”

“கண்ணு?”

“திறந்துதான் இருக்கு.”

“எங்க போகுது?”

ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை.

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

அவள் வீட்டுக்கு வந்தாள். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கணவரின் கண்களைப் பார்த்தாள். அவை அசையவில்லை. அவள் கீரை ஆய்ந்தாள், இடையிடையே பார்த்தாள். அப்படியேதான் இருந்தன.

திடீரென்று அவை இடமிருந்து வலமாக நகர்ந்தன. நின்றன. கொஞ்சம் மேலே ஏறின. மறுபடி ஓடின. கிணற்றுப் பக்கம் போய்க் காத்திருந்தன.

ஆவுடையம்மாள் எட்டிப் பார்ப்பதற்குள் கிணற்றுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற வால் மறைந்தது.

அன்றைக்கே ஓட்டமும் நடையுமாக மடத்துக்குப் போனாள்.

“கீரி!”

“என்ன கீரி?”

“அவுக கண்ணு கீரி பின்னாலயே போகுது சாமி. அது நின்னா நிக்குது. ஓடினா ஓடுது.”

“கீரி எப்படி இருந்தது?”

“நான் எங்க கீரியைப் பாத்தேன்? அவுக கண்ணையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்.”

“கீரியையும் பாரு.”

அதிலிருந்து அவளும் பார்த்தாள். காலையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டின. எப்போதும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. வெயில் ஏறியதும் உடும்பு ஒன்று விறகுக்கட்டில் படுத்து வெயில் காய்ந்தது. செம்போத்து ஒன்று நாட்டாண்மைக்காரர் மாதிரி வேலியோரமாக நடந்து போனது. இவையெல்லாம் இத்தனை நாளும் அவள் வீட்டுப் புறவாசலில்தான் இருந்திருக்கின்றன. அவள் பலகை அடித்து வைத்திருந்தாள்.

பங்குனி வெயிலில் கூழ்வற்றல் பிழிந்து, ஜன்னலுக்கு எதிரே வேட்டியில் காயப் போட்டாள். உள்ளே போய்க் கை கழுவுவதற்குள் மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன. பெரிய கடுவன் ஒன்று வேட்டி நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வற்றலாக எடுத்துத் தின்றது.

அப்போது கட்டில் கிடந்த அறையிலிருந்து ஒரு சத்தம்.

“ஏலேய்!”

அதைத் தொடர்ந்து ஒரு வசவு. மலைப்பாதையில் எதிரே வருகிற வண்டி வழிவிடாவிட்டால் லாரிக்காரர்கள் வைகிற வசவு. கடுவன் திடுக்கிட்டு வாயைத் திறந்தபடி ஜன்னலைப் பார்த்தது. ஆவுடையம்மாள் கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டாள்.

“பேச்சு வந்துட்டு சாமி! பேச்சு வந்துட்டு!” என்று மடத்து வாசலில் போய் நின்றாள்.

“என்ன சொன்னாரு?”

“அதைச் சொல்ல முடியாது.”

“சும்மா சொல்லு.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். சாமி சிரித்தார். நின்று சிரிக்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அந்தக் குரங்குக்கு என்ன கொடுத்தே?”

“கொடுக்கிறதா? பாதி வத்தல் போயிட்டு.”

“அப்போ சரியாப் போச்சு” என்றார் சாமி.

அதன் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. கீரி. காக்கா. உடும்பு. ஒருநாள், “மயில் வந்திருக்கு.” எல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சொன்னவை. ஆவுடையம்மாள் தட்டோடு வந்து, “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?” என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார்.

சித்திரையில் அவள் மடத்துக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது.

“குரங்குக்குப் பேச்சு இருக்கு. காக்காய்க்குப் பேச்சு இருக்கு. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை கிடையாது.”

சாமி இந்த முறை சிரிக்கவில்லை.

“நீ எங்க இருக்கே?”

“எங்க இருப்பேன்? வீட்டுக்குள்ளதான். அவுக பின்னாலயே நிக்கேன். ஊட்டுதேன், துடைச்சு விடுதேன், துணி மாத்துதேன்.”

“பின்னாலயா?”

“ஆமா.”

“முன்னால போய் நில்லு.”

மறுநாள் காலையில் ஆவுடையம்மாள் தலையை வாரினாள். புறவாசலுக்குப் போனாள். ஜன்னலுக்கு எதிரே போய் நிற்க வெட்கமாக இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வந்து நின்றது நினைவுக்கு வந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வேலியோரத்துச் சரளைத் தரைப் பக்கம் நடந்தாள்.

“ஆவுடை! நில்லு!”

அவள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள்.

“காலைக் கீழ வைக்காதே!”

“என்னங்க? பாம்பா?”

“முட்டை!”

அவள் குனிந்து பார்த்தாள். முதலில் சரளைக்கல் மட்டும்தான் தெரிந்தது. பிறகு கற்களுக்கு நடுவில், கல் நிறத்திலேயே, புள்ளி போட்ட முட்டைகள் தெரிந்தன. தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு சுற்றிச் சுற்றிக் கத்தின.

“அப்படியே பின்னால வா. வா. வா. இடது பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம். ஆங், போதும்.”

லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வது போலச் சொன்னார். ஆவுடையம்மாள் அவர் சொன்னபடியெல்லாம் ஒடித்து, பின்னால் வந்து, கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“என்னட்டி ஆச்சு?” என்றார் தளவாய் ஜன்னலிலிருந்து.

மடத்தில் போய் அவள் ஒரே ஒரு வரிதான் சொன்னாள்.

“பேரைச் சொன்னாரு சாமி.”

சாமி பானையிலிருந்து ஒரு கட்டி கருப்பட்டி எடுத்து உடைத்து, பாதியை அவளிடம் கொடுத்தார். மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

வைகாசியில் முட்டைகள் பொரிந்தன. தீக்குச்சிக் கால்களில் பஞ்சு உருண்டைகள் ஓடின. தாய் ஒரு சத்தம் கொடுத்தால் எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு காணாமல் போயின. அதைப் பார்த்து தளவாய் சிரித்தார். பாதி வாயால் சிரித்தாலும் சத்தமாகச் சிரித்தார்.

ஆனியில் சாரல் தொடங்கியது. மலை தெரியாமல் மேகம் இறங்கியது. வேலிக்கு வெளியே மயில் தோகையை விரித்து நின்றது. பெட்டை அதைத் திரும்பியும் பாராமல் இரை பொறுக்கியது. “நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நானும் இப்படித்தான் திரும்பியே பாக்கலை” என்றாள் ஆவுடையம்மாள். “நீ ஓரக்கண்ணால பாத்தே. எனக்குத் தெரியும்” என்றார் தளவாய்.

அந்த மழையில்தான் தவிட்டுக்குருவிகள் ஜன்னலை ஒட்டிய எலுமிச்சை மரத்தில் கூடு கட்டின. கை நீட்டினால் தொட்டுவிடலாம். நான்கு குஞ்சுகள். கூட்டத்தில் எல்லாக் குருவிகளும் முறைபோட்டுப் புழு கொண்டுவந்தன. எது தாய், எது சித்தி என்று தளவாயால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஆவுடையம்மாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவர் சுவர்ப் பக்கம் புரண்டு கிடந்தார். யார் உதவியும் இல்லாமல் தானாகவே புரண்டிருந்தார்.

“என்னங்க?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கூடு சரிந்து தொங்கியது. மரத்தடியில் சாரைப்பாம்பு ஒன்று வயிறு புடைத்து மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“கத்தினேன்” என்றார் தளவாய் சுவரைப் பார்த்து. “போகலை. எந்திரிக்கப் பாத்தேன். முடியலை.”

பிறகு, “பலகையை அடி” என்றார்.

அவள் கொட்டுகிற மழையில் மடத்துக்கு ஓடினாள்.

“பலகையை அடிக்கச் சொல்லுதாரு சாமி.”

“அடி.”

“என்னது?”

“அடின்னேன். ஆணி இருக்கா?”

“பழையபடி ஆயிருமே! நீ வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லப்படாதா? பாம்புக்கும் பசிக்கும்னு...”

“அது அவருக்குத் தெரியாதா? ஊர் ஊரா லாரி ஓட்டின மனுசன். அவர் உன்கிட்ட விளக்கமா கேட்டாரு? பலகை கேட்டாரு. அடி.”

அவள் அடித்தாள். அழுதுகொண்டே, கோபத்தில், ஒரு ஆணிக்கு இரண்டு ஆணியாக அடித்தாள். அறை இருண்டது. தளவாய் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் கஞ்சி மட்டும் குடித்தார்.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் பலகைக்கு வெளியே ஒரே கூச்சல்.

“என்ன சத்தம்?” என்றார் தளவாய்.

“எனக்கென்ன தெரியும்? பலகை அடிச்சிருக்கே” என்றாள் ஆவுடையம்மாள் அடுப்படியிலிருந்து.

கூச்சல் ஓயவில்லை.

“தவிட்டுக்குருவியா?”

“இருக்கும்.”

“கூடுதான் போயிட்டே. இன்னும் எதுக்குக் கத்துதுக?”

“தெரியலையே.”

ஓட்டின்மேல் மழை தூறியது. தளவாய் புரண்டு படுத்தார். மறுபடி புரண்டார்.

“ஏட்டி.”

“என்ன?”

“கழட்டு.”

“ஆணியை நல்லா இறுக்கி அடிச்சிட்டேன். நேரமாகும்.”

“ஆகட்டும். கழட்டு.”

பலகை விழுந்தது. வெளியே கிணற்றடிப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் தவிட்டுக்குருவிகள் அத்தனையும் இறங்கி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தன. இரண்டு குருவிகள் மட்டும் நனைந்த இறகோடு வாயில் நாரைக் கவ்விக்கொண்டு அதே எலுமிச்சை மரத்துக்குள் போய்வந்தன.

தளவாய் வெகுநேரம் பார்த்தார்.

“வெக்கங்கெட்ட கழுதைக” என்றார்.

கொஞ்சம் பொறுத்து, “பசிக்குது” என்றார்.

ஐப்பசிக்குள் தளவாய் கட்டிலில் தானாகவே எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார். அந்த மாதம் பெரிய மழை வந்தது. கிணறு நிறைந்தது. தவளைகள் கத்துகிற கத்தலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அந்த மழையோடு ஒரு புதிய சத்தமும் வந்தது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் வேலியோரப் புதரிலிருந்து இரண்டு சீட்டி கேட்டது. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

“எவனோ சீட்டி அடிக்கான், பாரு” என்றார் தளவாய்.

அவள் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. மடத்துக்குப் போய்ச் சீட்டியடித்துக் காட்டினாள். அவளுக்கு வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் சாமிக்குப் புரிந்தது.

“ஆறுமணிக்குருவி. மழைக்கு வரும். வடக்கே இருந்து.”

“எப்படி இருக்கும்?”

“சின்னப் பிள்ளைகிட்ட வண்ணப் பெட்டியைக் கொடுத்தா ஒண்ணை விடாம எல்லாத்தையும் பூசுமே, அப்படி. ஆனா ஜன்னல்ல தெரியாது. புதருக்கு அடியில, தரையில தத்தித் திரியும்.”

“அவுகளுக்கு அதைப் பாக்கணுமாம். என்ன செய்ய?”

“நான் என்ன செய்ய? ஒரு தடவை கட்டிலைத் திருப்பினதுக்கே இன்னும் இடுப்பு வலிக்கு.”

அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். “சாமியால இனிமே கட்டிலைத் தூக்க முடியாதாம்.”

தளவாய், ஆஸ்பத்திரியில் கொடுத்து மூலையிலேயே கிடந்த கம்பைப் பார்த்தார்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். மழை விட்டிருந்தது. ஆவுடையம்மாள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி பாதி ஏறியிருந்தபோது புதரில் சீட்டி கேட்டது. அதே நேரம் புறவாசல் கதவு திறந்தது.

தளவாய் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் கம்பு. வலது கால் தரையில் இழுபட்டது. நிலைப்படியைத் தாண்டிவிட்டார். ஈரத் தரை.

அவளுக்கு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கயிற்றை விட்டால் உருளை கிறீச்சிடும், வாளி தடதடவென்று விழும். குருவி போய்விடும். விடாவிட்டால் அவர் விழுந்துவிடுவார். அவள் கயிற்றை இறுகப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது.

அவர் ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொரு அடி. எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே சரிந்து, ஈரச் சருகின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

புதருக்கு அடியிலிருந்து அது வெளியே வந்தது. பச்சை முதுகு. இறக்கையில் ஒரு கீற்று நீலம். சந்தனநிற வயிறு, வால் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. குட்டை வாலை ஆட்டி ஆட்டி, சருகைப் புரட்டி, தளவாயின் காலுக்கு மிகப் பக்கத்தில் வந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். இடது கையின் ஒரு விரலை மட்டும் மெதுவாக நீட்டிக் காட்டினார். அங்கே பார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

குருவி பறந்து போனது. ஆவுடையம்மாள் கயிற்றை விட்டாள். வாளி தடதடவென்று விழுந்து தண்ணீர் மேலே தெறித்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அதன் பிறகு மார்கழிப் பனியிலும் தை வெயிலிலும் அவர் தினமும் எழுந்தார். கிணறு வரைக்கும். பிறகு விறகுக்கட்டு வரைக்கும். மாசியில் வேலி வரைக்கும். ஆறுமணிக்குருவி ஒருநாளும் தவறவில்லை.

பங்குனி முடிகிற சமயம், ஒரு மாலை சீட்டி கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. தளவாய் புறவாசல் படியில் உட்கார்ந்து இருட்டும்வரை புதரையே பார்த்தார். சோறு இறங்கவில்லை. ஆவுடையம்மாள் கூப்பிடாமலேயே சாமி அன்று வந்தார். ஓடைக்கரையிலும் சீட்டி நின்றுபோயிருந்தது.

“போயிட்டுது சாமி” என்றார் தளவாய்.

“ஆமா.”

“எங்க போயிருக்கும்?”

“வடக்கே. நாக்பூருக்கும் அங்கிட்டு, இமயமலை அடிவாரம் வரைக்கும் போகும்னு சொல்லுவாக. அங்கதான் கூடு கட்டுமாம்.”

தளவாய் நிமிர்ந்தார். “நாக்பூருக்கு அங்கிட்டா? இத்துனூண்டு குருவியா?”

“ஆமா.”

“எந்த வழியா?”

“எனக்கென்ன தெரியும்? நான் மதுரையைத் தாண்டினதில்லை.”

“நான் சொல்லுதேன்” என்றார் தளவாய்.

சொன்னார். மதுரை, சேலம், பெங்களூர். கர்நூலில் துங்கபத்திரை. ஹைதராபாத் தாண்டினால் கோதாவரிப் பாலம். விடியற்காலையில் அதன்மேல் போனால் தண்ணீரிலிருந்து புகை எழும். ஆதிலாபாத் காட்டில் ஒருமுறை புலி குறுக்கே போனது, வண்டியை நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தார். அதற்குப் பிறகு நாக்பூர் ஆரஞ்சுத் தோட்டங்கள். இத்தனை வருஷமாக ஆவுடையம்மாளிடம் ஒருநாளும் சொல்லாத கதைகள். பேச்சு வேகத்தில் அவருடைய வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்து, காற்றில் ஒரு வளைவை ஒடித்துக் காட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

அன்றிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் அவர் கணக்குச் சொன்னார்.

“இந்நேரம் கர்நூல் தாண்டியிருக்கும்.”

“அது லாரி இல்லைங்க.”

“தெரியும் ஏட்டி. அதுக்கு டோல்கேட்டும் கிடையாது, செக்போஸ்டும் கிடையாது. சீக்கிரமே போயிரும்.”

சித்திரை வெயிலில் ஓடை வற்றியது. காட்டுக்குள்ளும் தண்ணீர் இல்லை. ஆவுடையம்மாள் வேலியோரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி வாங்கிப் போட்டு நிரப்பி வைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் சாமி சாப்பிட வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் புறவாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஆவுடையம்மாள் அன்று காலையில்தான் தளவாயை டாக்டரிடம் கூட்டிப்போய் வந்திருந்தாள்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“கை இவ்வளவுதான், இதுக்கு மேல வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலும் இப்படித்தானாம். பேசுதாரு, சிரிக்காரு, வேலி வரைக்கும் நடக்காரு. எல்லாம் சரிதான். ஆனா அத்தனை பெரிய லாரியை ஓட்டின மனுசன், தன் கையால சோத்தைப் பிசைஞ்சு திங்க முடியலை.”

தளவாய் தன் வலது கையைப் பார்த்தார்.

“எனக்கு ஒரே வார்த்தையில சொல்லு. இவருக்குக் குணமாயிட்டா, இல்லையா?”

சாமி வாயைத் திறந்தார். அதற்குள் தளவாய் இடது கையை உயர்த்தினார்.

வேலிக்கு அப்பால் செடிகள் விலகின. மிளா என்கிற பெரிய காட்டுமான் ஒன்று வந்து நின்றது. பசுமாட்டின் உயரம். பெரிய காதுகள் முன்னும் பின்னும் திரும்பின. மலையில் அதன் குரலைக் கேட்டிருக்கிறார்களே தவிர, இத்தனை பக்கத்தில் மூன்று பேரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அதன் பின்னால், கால்களுக்கு இடையில், ஒரு குட்டி.

மிளா ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வைத்தது. வேலி இடைவெளி வழியாக உள்ளே வந்தது. தொட்டியில் வாயை வைத்தது. குட்டிக்கு எட்டவில்லை. அது முன்னங்கால்களைத் தொட்டி விளிம்பில் ஏற்றி, வழுக்கி, தண்ணீருக்குள்ளேயே முகம் குப்புற விழுந்து எழுந்து தும்மியது. தாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குடித்தது.

ஆவுடையம்மாளின் கை தானாகவே தளவாயின் வலது கையைப் பிடித்திருந்தது. ஆனால் கேட்ட கேள்வி நெஞ்சில் அப்படியே நின்றது. அவள் உதடு மட்டும் அசைய, மூச்சுக்காற்றில் கேட்டாள்.

“சாமி. சொல்லு.”

சாமி கண்ணை எடுக்காமல், அதே மூச்சுக்காற்றில் சொன்னார்.

“அது குடிச்சு முடிக்கட்டும்.”

குட்டி மறுபடியும் தொட்டியில் காலை ஏற்றியது. ஆவுடையம்மாள் தளவாயின் கையை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.